ஜிம் கொடுத்த மிட்டாயும் டுவைட் நீட்டிய கையும்

‘தி ஆபிஸ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில், ஜிம் ஹால்பர்ட் தன் சக ஊழியர் டுவைட்டை மிட்டாய் கொடுத்துப் பழக்கும் காட்சியைப் பார்த்த கல்லூரி மாணவி ஒருவர், அது உண்மையிலேயே நடக்கக்கூடியதா, சிரிப்புக்காக எழுதப்பட்டதா என்று கேட்டு எழுதியிருந்தார். நடக்கக்கூடியதுதான். ஆனால் அதற்குக் காரணமாகப் பாடப்புத்தகம் சொல்வதைக் காட்டிலும் அழகான ஒன்று மூளைக்குள் நடக்கிறது.

2005 முதல் 2013 வரை என்பிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பான அந்தத் தொடர், பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்கிரான்டன் நகரில், ‘டண்டர் மிஃப்லின்’ என்ற கற்பனைக் காகித நிறுவனத்தின் கிளை அலுவலகத்தில் நடக்கிறது. ஜான் கிராசின்ஸ்கி நடித்த ஜிம், அங்கே காகிதம் விற்கும் பிரதிநிதி. வீரதீரம் எதுவும் இல்லாமல், அலுப்பூட்டும் வேலையை அன்றாடம் செய்துகொண்டிருக்கும் அந்த இளைஞரிடம் பார்வையாளர்கள் தங்களையே கண்டார்கள். 2007 பிப்ரவரியில் வந்த ஓர் அத்தியாயத்தின் தொடக்கத்தில், மணியோசைக்கு நாயின் வாயில் எச்சில் ஊறச் செய்த அறிவியலாளரைப் பற்றிப் பள்ளியில் படித்ததாகவும், சில வாரங்களாகத் தானும் அப்படியொரு சோதனையை நடத்திவருவதாகவும் அவர் சொல்கிறார். அவருடைய கணினியில் ஓர் ஒலி எழும். உடனே டுவைட்டிடம் புதினா மிட்டாய் வேண்டுமா என்று கேட்பார், டுவைட்டும் வாங்கிக்கொள்வார். இதுவே திரும்பத் திரும்ப நடக்கிறது. கடைசியில் ஒருநாள் ஒலி எழுகிறது, ஆனால் ஜிம் எதுவும் கேட்கவில்லை. டுவைட்டின் உள்ளங்கை தானாக நீள்கிறது. என்ன செய்கிறாய் என்று ஜிம் கேட்டால், தெரியவில்லை என்கிறார். திடீரென்று வாய் ஒரு மாதிரி இருக்கிறது என்று முகம் சுளிக்கிறார்.

ஜிம் குறிப்பிடும் அறிவியலாளர் ரஷ்யாவைச் சேர்ந்த இவான் பாவ்லோவ். ஒரு குறிப்பைக் கண்டோ கேட்டோ உடல் தானாகச் செயல்படப் பழகுவதை ‘ஆக்கநிலையிறுத்தம்’ என்பார்கள்; ஆசிரியர் பயிற்சி பெற்ற எவருக்கும் அந்தச் சொல்லோடு சேர்ந்தே நினைவுக்கு வரும் பெயர் அது. செரிமானத்தைப் பற்றிய ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற அவர், நாயின் உமிழ்நீர் நாளத்தைக் கன்னத்தின் வழியே வெளியே திருப்பி, சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். உணவு வருவதற்கு முன்பே, அதைக் கொண்டுவருபவரைக் கண்டதுமே நாய்க்கு எச்சில் ஊறியது. செரிமான ஆய்வுக்கு அது இடையூறு. பாவ்லோவ் அந்த இடையூறையே ஆராயத் தொடங்கி, மீதி வாழ்நாளை அதற்கே கொடுத்தார். ஆய்வுக்கூடச் செலவின் ஒரு பகுதியை ஈடுகட்ட, நாய்களின் இரைப்பை நீரைச் சேகரித்துச் செரிமான மருந்தாகவும் விற்றார்கள். உள்நாட்டுப் போரில் ரஷ்யா நொறுங்கிக் கிடந்த 1921இல், அவருடைய ஆய்வுக்கு வேண்டிய வசதிகளைச் செய்துதர லெனினே ஆணை பிறப்பித்தார். இந்த ஆய்வால் என்ன பயன் என்று முதல் பக்கத்திலேயே எழுதித்தரச் சொல்லும் நிதிக்குழுக்களிடம் நாயின் எச்சில் என்ற தலைப்பு தேறியிருக்குமா என்பது சந்தேகமே. பயன் தெரியாத கேள்விகளுக்கென்று ஒரு பங்கு நிதியை ஒதுக்கியே ஆகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மணியும் உணவும் பலமுறை சேர்ந்து வந்தால் மூளை இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொள்ளும் என்பதுதான் நாம் படித்த விளக்கம். அது போதாது என்று 1960களின் இறுதியில் உளவியலாளர் லியோன் கேமின் காட்டினார். ஓர் ஒலிக்குப் பின் மின்னதிர்ச்சி வரும் என்று எலிகளுக்கு முதலில் கற்பித்துவிட்டு, பிறகு அந்த ஒலியோடு ஒரு விளக்கையும் சேர்த்தார். விளக்கும் அதிர்ச்சியும் பலமுறை சேர்ந்தே வந்தன. இருந்தும் விளக்கை மட்டும் காட்டியபோது எலிகள் பெரிதாக அஞ்சவில்லை. வரப்போவதை ஒலியே சொல்லிவிட்டதால் விளக்கிடமிருந்து புதிதாக அறிய ஒன்றுமில்லை. சேர்ந்து வந்தால் மட்டும் போதாது. எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் இடையே வேறுபாடு இருக்கவேண்டும்.

அந்த வேறுபாட்டை நரம்பணுக்களிலேயே பார்த்தவர் நரம்பியல் ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ். குரங்குகளின் நடுமூளையில், டோபமைன் என்ற செய்தி கடத்தும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களின் அருகே மெல்லிய மின்முனையை வைத்து அவற்றின் துடிப்பை அவர் பதிவு செய்தார். எதிர்பாராமல் வாயில் ஒரு சொட்டுப் பழச்சாறு விழுந்தால் அந்த அணுக்கள் படபடவென்று துடித்தன. ஒவ்வொரு முறையும் சாற்றுக்கு முன்னால் விளக்கொளி போன்ற ஒரு குறிப்பைக் காட்டிப் பழக்கியதும், துடிப்பு சாற்றை விட்டு நகர்ந்து குறிப்புக்கு வந்துவிட்டது. அதே சாறு வாயில் விழும்போது அணுக்கள் வழக்கமான மெல்லிய தாளத்தை மாற்றவே இல்லை. குறிப்பைக் காட்டிவிட்டுச் சாற்றைத் தராமல் விட்டாலோ, சாறு வந்திருக்கவேண்டிய அதே கணத்தில் துடிப்பு அடங்கிப்போனது. வராத ஒன்றை, அது வரவேண்டிய நேரத்தோடு மூளை குறித்து வைத்திருக்கிறது! பீட்டர் டயன், ரீட் மான்டேகு ஆகியோரோடு 1997இல் ஷுல்ட்ஸ் எழுதிய கட்டுரை இதைக் கணக்காகவே விளக்கியது. அந்த வரைபடங்களை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

இப்போது ஜிம்மின் மேசைக்கு வருவோம். ஒலிக்கும் மிட்டாய்க்கும் நடுவே “வேண்டுமா?” என்ற கேள்வி இருக்கிறது, மிட்டாய் வருவதை அதுவே தெளிவாகச் சொல்லிவிடுகிறது. கேமினின் எலிகளை நினைத்தால், டுவைட் ஒலியைக் கற்றிருக்கவே கூடாது என்று தோன்றும். ஆனால் கேமினின் விளக்கு ஒலியோடு ஒரே நேரத்தில் வந்தது. ஜிம்மின் ஒலியோ கேள்விக்கு முந்தி வருகிறது. நம்பத்தக்க முதல் அறிகுறி எதுவோ, அதை நோக்கி டோபமைன் துடிப்பு பின்னோக்கி நகர்ந்துகொண்டே போகும்: மிட்டாயிலிருந்து கேள்விக்கு, கேள்வியிலிருந்து ஒலிக்கு. பேருந்தில் யாருடைய கைப்பேசியோ நம்முடையதைப் போலவே ஒலித்ததும் நம் கை பைக்குப் போவதும் இவ்வாறுதான். கை நீள்வது, எச்சில் ஊறுவதைப் போன்ற அனிச்சைச் செயல் அன்று; பலன் கிடைத்துக் கிடைத்துப் பழகிய செயல். இரண்டு வகைக் கற்றலும் அந்த ஒரே ஒலியில் வந்து சேர்ந்திருக்கின்றன.

வாய் ஒரு மாதிரி இருப்பதாக டுவைட் சொல்வதை நகைச்சுவைக்கான மிகை என்றே பலரும் கொள்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒலி கேட்டதும் முகுளத்திலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்குக் கட்டளை போய் வாய் ஆயத்தமாகிவிடும். ஆனால் மிட்டாயின் மென்தால் வந்து நாக்கின் குளிர் உணரும் நரம்புகளைத் தொடாது. வந்திருக்கவேண்டிய நொடி வெறுமையாகக் கடக்கும். அந்த வெறுமையைத்தான் டுவைட் சொல்கிறார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்தப் பழக்கம் எவ்வளவு நாள் நிற்கும் என்றும் அந்த மாணவி கேட்டிருக்கிறார். மிட்டாய் இல்லாமல் ஒலி மட்டும் திரும்பத் திரும்ப எழுந்தால் டுவைட்டின் கை நீள்வது குறைந்து நின்றுபோகும். ஆனால் பாவ்லோவின் நாய்கள், எச்சில் ஊறுவது அடங்கிய பின், சிறிது ஓய்வு கொடுத்து மறுபடி குறிப்பைக் கேட்கச் செய்தபோது மீண்டும் எச்சில் விட்டன. பழைய பாடம் அழிவதில்லை. ‘இப்போது மிட்டாய் வராது’ என்ற புதிய பாடம் அதன் மேல் படிகிறது, அவ்வளவுதான். ஆகவே டுவைட் ஒரு வாரம் விடுப்பில் போய்விட்டுத் திரும்பி வந்து உட்கார, பக்கத்து மேசைக் கணினி அதே ஒலியை எழுப்பினால், அவருடைய உள்ளங்கை இன்னொரு முறை நீளக்கூடும்.