மைனஸ் 10 என்று போட்டிருக்கிறது, பிறகு ஏன் குளிர்கிறது?

குளிர்ப் பிரதேசத்தில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறவர்கள் ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது முதலில் தேடுவது அதன் மேல் அச்சிட்டிருக்கும் வெப்பநிலையை. ‘மைனஸ் 10’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். போகிற இடத்தில் இரவு மைனஸ் 5தான், கையில் 5 டிகிரி மிச்சம் இருக்கிறது என்ற தைரியத்தில் வாங்கிவிடுவார்கள். அங்கே போய்ப் படுத்தால் நள்ளிரவுக்கு மேல் பல் கிட்டத் தொடங்கும். பை போலியாக இருக்குமோ என்று சந்தேகம் வரும். பெரும்பாலும் பை சரியாகத்தான் இருக்கும். அந்த எண் யாருக்காக, எந்த நிலையில் கணக்கிடப்பட்டது என்று நாம் கேட்காமல் விட்டிருப்போம்.

அதற்கு ஒரு பொம்மையின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2002இல் ஐரோப்பாவில் ஈஎன் 13537 என்ற தரநிலை வந்தது. இன்று அதன் இடத்தில் ஐஎஸ்ஓ 23537 இருக்கிறது. குளிரூட்டிய அறையில், விரிப்பின் மேல், பைக்குள் ஓர் ஆள் உயரப் பொம்மையைப் படுக்க வைக்கிறார்கள். பொம்மையின் உடம்பு முழுக்க ஹீட்டர்களும் வெப்ப உணரிகளும் உண்டு. அதற்கு முழுக்கை உள்ளாடையும் நீளமான சாக்ஸும் போட்டுவிடுவார்கள். பொம்மையின் தோலை ஒரே சூட்டில் வைத்திருக்க எத்தனை வாட் செலவாகிறது என்று பார்த்தால், பை வெப்பத்தை எவ்வளவு தடுக்கிறது என்று தெரிந்துவிடும். அதுவரைதான் அளவீடு. இந்தத் தடுப்பை வைத்துக்கொண்டு ஒரு மனித உடல் எவ்வளவு குளிரைச் சமாளிக்கும் என்பது அதற்குப் பிறகு போடுகிற கணக்கு.

கணக்கிலிருந்து முக்கியமாக மூன்று எண்கள் வருகின்றன. ‘கம்ஃபர்ட்’ என்பது ஒரு சராசரிப் பெண் உடம்பைத் தளர்த்திப் படுத்து, குளிர் தெரியாமல் தூங்கக்கூடிய வெப்பநிலை. ‘லிமிட்’ என்பது ஒரு சராசரி ஆண் சுருண்டு படுத்துக்கொண்டு, எட்டு மணி நேரம் விழிக்காமல் ஒப்பேற்றக்கூடிய வெப்பநிலை. ‘எக்ஸ்ட்ரீம்’ என்பதைத் தூக்கத்தோடு சேர்த்தே பேசக் கூடாது. உயிர் தப்பலாம், ஆனால் உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கும் வாய்ப்பு உண்டு என்பதுதான் அதற்குப் பொருள். கம்ஃபர்ட்டுக்கும் லிமிட்டுக்கும் இடையே பொதுவாக 5, 6 டிகிரி வித்தியாசம் இருக்கும். எக்ஸ்ட்ரீம் அதற்கும் பல டிகிரி கீழே. பையின் பெயரோடு ஒட்டிக்கொண்டு வருகிற கொட்டை எழுத்து எண் பல சமயம் லிமிட்தான். அப்படியானால் ‘மைனஸ் 10’ பையின் கம்ஃபர்ட் ஏறக்குறைய மைனஸ் 4. மைனஸ் 5இல் பல் கிட்டியதற்குப் பாதிக் காரணம் இங்கேயே கிடைத்துவிட்டது. கம்ஃபர்ட் எண்ணைத் தவிர மற்ற இரண்டையும் வாங்கும்போது கண்ணால்கூடப் பார்க்க வேண்டாம் என்பது என் கட்சி. சீக்கிரம் குளிர் எடுக்கிற உடம்பு என்றால், எதிர்பார்க்கிற குளிரைவிட இன்னும் ஐந்து டிகிரி கீழே தாங்குகிற பையாகப் பார்க்கலாம். குழந்தைகளுக்கு இந்த எண்கள் எதுவுமே பொருந்தாது, தரநிலையே அவர்களை விலக்கி வைத்திருக்கிறது.

சரி, பை என்னதான் செய்கிறது? அது வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வரவு முழுக்க உடம்பிலிருந்து வருகிறது, செலவைக் குறைப்பது மட்டும்தான் பையின் வேலை. தூங்கும்போது வளர்ந்த மனித உடல் ஏறக்குறைய 70 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. இதில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவு மூச்சிலும் தோலின் ஈரம் ஆவியாவதிலும் போய்விடும். மீதி 55 வாட்டைப் பையின் வழியே மெதுவாக வெளியேற விட்டு, தோலை 33 டிகிரிக்கு அருகில் வைத்திருக்க முடிந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். வெளியே போவது 55 வாட்டுக்கு மேல் ஆனால் முதலில் கை, கால் விரல்களுக்குப் போகும் இரத்தத்தை உடல் குறைக்கும். அதுவும் போதவில்லை என்றால் நடுக்கம். நடுங்கும்போது வெப்ப உற்பத்தி சில மடங்கு ஏறும், ஆனால் தூக்கம் அதோடு முடிந்தது.

இந்தக் கசிவை மெதுவாக்குவது காற்று. அசையாத காற்றைப் போல வெப்பத்தை மோசமாகக் கடத்துகிற பொருள்கள் அபூர்வம். தண்ணீர் அதைப்போல் 20 மடங்குக்கும் மேல் கடத்தும். ஆனால் காற்றுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. இரண்டு துணிகளுக்கு நடுவே ஐந்து சென்டிமீட்டர் வெற்று இடைவெளி விட்டால், சூடான காற்று மேலே ஏறி, குளிர்ந்தது கீழே இறங்கி, அந்தச் சுழற்சியே வெப்பத்தைக் கடத்திவிடும். போதாததற்கு அகச்சிவப்புக் கதிர்களும் நேராகக் கடந்துபோகும். இழைகளை நிரப்புவது இதற்காகத்தான். அவை காற்றை மிகச் சிறிய அறைகளாகப் பிரித்து நகரவிடாமல் செய்கின்றன, கதிர்களையும் வழியில் சிதறடிக்கின்றன.

எவ்வளவு தடிமன் வேண்டும் என்று தோராயமாகக் கணக்குப் போடலாம். வெளியே மைனஸ் 5, தோல் 33, வித்தியாசம் 38 டிகிரி. உடலின் பரப்பு 1.8 சதுர மீட்டர், வெளியேற அனுமதி 55 வாட். நன்றாக உப்பியிருக்கும் நிரப்புப் பொருளின் கடத்துதிறனை ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.04 வாட் என்று வைத்துக்கொண்டால், உடம்பைச் சுற்றி ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் தேவைப்படும். மைனஸ் 20 என்றால் 7. பையின் எடையோ துணியின் பளபளப்போ அல்ல, இந்தச் சென்டிமீட்டர்தான் சூடு.

அந்தத் தடிமனைக் குறைந்த எடையில் தருவதில் வாத்து, பெருவாத்துகளின் மார்பில் வளரும் டவுன் எனப்படும் மென்தூவியை இன்னும் எதுவும் மிஞ்சவில்லை. சாதாரண இறகுக்கு நடுவில் தண்டு இருக்கும், தூவிக்குக் கிடையாது. ஒரு மையத்திலிருந்து எல்லாப் பக்கமும் மெல்லிய இழைகள் விரிந்து நிற்கும். அதன் தரத்தை ‘ஃபில் பவர்’ என்ற எண்ணால் குறிக்கிறார்கள். ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம் தூவி எத்தனை கன அங்குலத்துக்கு உப்புகிறது என்பதே அது. 800 என்றால் ஏறக்குறைய 13 லிட்டர். இந்த எண்ணைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். 800 தூவிப் பை 600 பையைவிடச் சூடானது என்று பொருள் கிடையாது. 800இல் 400 கிராமும் 600இல் 533 கிராமும் ஒரே அளவுக்குத்தான் உப்பும். முதலாவது எடை குறைவு, விலை கூடுதல், அவ்வளவுதான். எத்தனை கிராம் நிரப்பியிருக்கிறார்கள் என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

தூவியின் பலவீனம் ஈரம். நனைந்தால் இழைகள் ஒட்டிக்கொண்டு உப்பலே போய்விடும், காயவும் நேரம் எடுக்கும். பாலியெஸ்டர் இழை நிரப்பிய பை நனைந்தாலும் ஓரளவு தடிமனோடு நிற்கும், விலையும் குறைவு. பதிலுக்கு எடை கூடும், மடித்தால் இடத்தை அடைக்கும், சில வருடங்களில் தட்டையாகிவிடும். மழையும் குளிரும் சேர்ந்து வருகிற இடத்துக்குப் பாலியெஸ்டர், வறண்ட கடுங்குளிருக்குத் தூவி என்று பிரித்துக்கொண்டால் அதிகம் தவறாது.

இப்போது மீதிப் பாதிக் காரணம். அழுத்தினால் உப்பல் போய்விடும் என்றால், நாம் படுத்திருக்கும் முதுகுப் பக்கம் என்ன ஆகும்? நசுங்கித் துணியளவு ஆகிவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பையாக இருந்தாலும் கீழ்ப்பக்கம் ஏறக்குறைய பூஜ்யம். அங்கே வேலை செய்வது விரிப்பு மட்டும்தான். விரிப்பின் தடுப்புத்திறனை ஆர் மதிப்பு என்று போடுவார்கள். இதை அளக்க 2018இல்தான் ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற பொதுவான முறை வந்தது. உறைந்த தரை 0 டிகிரி, தரையோடு ஒட்டும் உடம்பின் பரப்பு 0.4 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர் 1 உள்ள சாதாரணக் காற்று மெத்தை என்றால் தரை வழியே மட்டும் 75 வாட் போகும். உடல் உண்டாக்குவதே 70! நசுங்கிய பையும் மண்ணும் கொஞ்சம் தடுக்கும் என்பதால் நிஜத்தில் இது குறையும். ஆனாலும் ஆர் 4 விரிப்பில் அதே கணக்கு 19 வாட்டுக்கு இறங்கிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். பொம்மையைப் படுக்க வைத்தது நல்ல தடுப்புள்ள விரிப்பின் மேல். மெல்லிய விரிப்பில் படுப்பவருக்கு அந்த எண் செல்லாது. ஆகவே கையில் இருக்கும் பணத்தில் முதல் பங்கை விரிப்பில் போடுங்கள் என்பேன். ஆர் மதிப்புகளைக் கூட்டலாம் என்பதும் வசதி: ஆர் 2 ஃபோம் விரிப்பை அடியில் போட்டு அதன் மேல் ஆர் 3 மெத்தையை வைத்தால் 5.

பையின் வடிவத்தைப் பற்றிச் சொல்லும்போது, ‘உள்ளே இடம் அதிகம் இருந்தால் அந்தக் காற்றையெல்லாம் உடம்பு சூடாக்க வேண்டும்’ என்று ஒரு விளக்கம் உலவுகிறது. கணக்கு ஒத்துவரவில்லை. கூடுதலாக 100 லிட்டர் காற்றையே 30 டிகிரி சூடேற்ற வேண்டும் என்றாலும், உடம்புக்கு அது ஒரு நிமிடத்துக்கும் குறைவான வேலை. தொளதொளப்பான பை குளிர்வதற்குக் காரணம் வேறு. நாம் புரளும்போதெல்லாம் துருத்தியை அமுக்கியதுபோலச் சூடான காற்று கழுத்து வழியே வெளியேறி, குளிர்ந்தது உள்ளே வருகிறது. நல்ல பையில் கழுத்தைச் சுற்றி ஒரு தடித்த பட்டையும், ஜிப் நெடுக உள்ளே ஒரு திண்டும் வைத்திருப்பது இதைத் தடுக்கத்தான். தையலையும் பாருங்கள். மேல் துணியையும் கீழ்த் துணியையும் நேராகச் சேர்த்துத் தைத்திருந்தால் ஒவ்வொரு தையல் கோட்டிலும் தடிமன் பூஜ்யம். குளிருக்கு ஏற்ற பையில் இரண்டுக்கும் நடுவே சுவர்போலத் துணி கொடுத்து அறை அறையாகத் தைத்திருப்பார்கள்.

உடல்வெப்பத்தில் பாதி தலை வழியே போகிறது என்று சொல்வதும் உண்மையில்லை. பெரியவர்களின் தலை உடற்பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, வெப்ப இழப்பும் ஏறக்குறைய அந்த விகிதம்தான். ஆனால் மற்ற எல்லாவற்றையும் ஐந்து சென்டிமீட்டர் போர்த்திவிட்டுத் தலையை மட்டும் வெளியே விட்டால், இழப்பில் அதன் பங்கு ஏறத்தானே செய்யும்? குல்லாவும் பையின் முக்காடும் அவசியம். மூக்கும் வாயும் மட்டும் வெளியே இருக்கட்டும்.

அவை ஏன் வெளியே இருக்க வேண்டும் என்பதில்தான் பெரிய விஷயம் இருக்கிறது. வியர்க்காவிட்டாலும் ஓர் இரவில் தோலிலிருந்து மட்டும் 100 மில்லிலிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாகிறது. மூச்சு வழியே இன்னொரு பங்கு. பையின் உட்பக்கம் 33 டிகிரி, வெளிப்பக்கம் மைனஸ் என்றால் இரண்டுக்கும் நடுவே எங்கோ ஓரிடத்தில் அந்த ஆவி நீராகும், அதற்கும் வெளியே பனியாகும். ஓரிரு இரவுகளுக்குப் பரவாயில்லை. தொடர்ந்து போனால் என்ன ஆகும் என்பதை 1911இல் அண்டார்க்டிகாவில் மூன்று பேர் அனுபவித்துப் பார்த்தார்கள். ஸ்காட்டின் பிரிட்டிஷ் ஆய்வுக் குழுவைச் சேர்ந்த வில்சன், பவர்ஸ், செர்ரி-கரார்ட் மூவரும் எம்பரர் பென்குயின் முட்டைகளைத் தேடி, நடுக் குளிர்கால இருட்டில் குரோஜியர் முனைக்குப் போய்வந்தார்கள். ஐந்து வாரம். சில சமயம் மைனஸ் 60க்கும் கீழே. கலைமான் தோலால் ஆன பைகள் வியர்வையையும் மூச்சின் ஈரத்தையும் குடித்துக் குடித்து உறைந்து போயின. இரவு உள்ளே நுழைவதே, உறைந்த பையை உடம்புச் சூட்டால் கொஞ்சம் கொஞ்சமாக இளக்குகிற வேலையாகிவிட்டது. திரும்பி வந்தபோது செர்ரி-கரார்டின் பையின் எடை இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியிருந்தது, கூடிய எடை முழுக்கப் பனிக்கட்டி.

அதனால்தான் பல நாள் கடுங்குளிர்ப் பயணம் போகிறவர்கள் ஆவி புகாத மெல்லிய உறை ஒன்றுக்குள் படுத்து, அதன் மேல் பையைப் போர்த்துகிறார்கள். உள்ளே கொஞ்சம் பிசுபிசுக்கும், பை காய்ந்தே இருக்கும். மற்றவர்களுக்குக் காலையில் பையை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி வெயிலில் போடுவதே போதும்.

துணி போடாமல் படுத்தால்தான் பை சூடாக வேலை செய்யும் என்பவர்களிடம் பொம்மையே உள்ளாடை போட்டிருந்ததை நினைவுபடுத்தலாம். காய்ந்த உடை போட்டால் சூடு கூடத்தான் செய்யும். தடித்த ஜாக்கெட்டைத் திணித்துக்கொண்டு உள்ளிருந்து பையையே நசுக்கும்போதுதான் பலன் குறையும். அப்புறம் வெந்நீர் பாட்டில். ஒரு லிட்டர் வெந்நீர் 90 டிகிரியிலிருந்து 35க்கு இறங்கும்போது விடுகிற வெப்பம், தூங்கும் உடம்பு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உண்டாக்குகிற வெப்பத்துக்குச் சமம். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், சாக்ஸுக்குள் போட்டு வைத்தால் தோல் சுடாது.

வீட்டில் பையைச் சுருட்டி அழுத்தி வைக்காமல் தளர்வான பெரிய பையிலோ, தொங்கவிட்டோ வையுங்கள். மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்த இழைகள் பழையபடி எழுவதில்லை. பழைய பை என்றால் அதில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்ப முடியாது. நன்றாக உதறித் தரையில் விரித்து, ஒரு மணி நேரம் கழித்து அளவுகோல் வைத்துப் பாருங்கள். மேலடுக்கும் கீழடுக்கும் சேர்ந்து 10 சென்டிமீட்டர் நின்றால் மைனஸ் 5க்கு எடுத்துப் போகலாம். ஐந்தோ ஆறோதான் நிற்கிறது என்றால் குளிர் இல்லாத மாதங்களுக்கு ஒதுக்கிவிடுங்கள்.