டபுள் ஜெப்பர்டி: ‘இரட்டை ஆபத்து’ சரிதானா?

கோர்ட் செய்திகளில் ‘டபுள் ஜெப்பர்டி’ வந்தால் ‘இரட்டை ஆபத்து’ என்று எழுதிவிடுகிறார்கள். படிப்பவருக்குப் புயலும் வெள்ளமும் சேர்ந்து வந்த மாதிரி இருக்கும். உண்மையில் அது ஒரு பாதுகாப்பின் பெயர்: ஒருவரை விசாரித்துத் தீர்ப்பும் சொல்லியாயிற்று என்றால், அதே குற்றத்துக்காக அவரைத் திரும்பக் கூண்டில் ஏற்றக்கூடாது.

‘ஜெப்பர்டி’யின் வேர் பழைய பிரெஞ்சில் ‘ழு பார்த்தி’. பிரித்த ஆட்டம், அதாவது எந்தப் பக்கமும் சாயக்கூடிய ஆட்டம் என்று பொருள். ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் சதுரங்கப் புதிரைக்கூட இந்தச் சொல்லால் குறித்தார்கள். என்ன ஆகுமோ என்ற அந்தப் பதைப்பிலிருந்துதான் ‘ஆபத்து’ என்ற பொருள் பிறந்தது. தீர்ப்பு வரும்வரை வழக்கும் அப்படித்தானே.

இந்த விதியை இங்கிலாந்து தளர்த்தியதற்குப் பின்னால் ஒரு பஸ் ஸ்டாப் இருக்கிறது. 1993 ஏப்ரல் 22 இரவு, தென்கிழக்கு லண்டன் எல்தமில் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஸ்டீஃபன் லாரன்ஸ் என்ற 18 வயதுக் கறுப்பின மாணவரை வெள்ளை இளைஞர் கும்பல் ஒன்று கத்தியால் குத்தியது. குத்துப்பட்டவர் நூறு மீட்டருக்கு மேல் ஓடி விழுந்தார். மறுநாளிலிருந்தே போலீஸுக்குப் பெயர்கள் வந்தன. முதல் கைதோ மே 7இல்தான். அரசுத் தரப்பு வழக்கைக் கைவிட, பெற்றோரே தனி வழக்குப் போட்டார்கள். 1996இல் அது தோற்றது. கேரி டாப்சன் உட்பட மூவர் விடுதலை. பழைய விதிப்படி கதை அத்தோடு முடிந்தது.

முடியவில்லை. இந்தக் கொலையைப் போலீஸ் விசாரித்த விதத்தை ஆராய்ந்து 1999இல் வந்த மெக்பர்சன் அறிக்கை, போலீஸின் இனவாதத்தைச் சுட்டியதோடு இந்த விதியையும் மறுபரிசீலனை செய்யச் சொன்னது. 2003இல் சட்டம் மாறியது. கொலை போன்ற கடுங்குற்றத்தில், வலுவான புதிய சான்று கிடைத்தால், மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய விடுதலையை ரத்து செய்யலாம். டாப்சனின் சாம்பல் நிற ஜாக்கெட் காலரில் ஸ்டீஃபனின் ரத்தப் புள்ளி ஒன்று அகப்பட்டது. அரை மில்லிமீட்டர் நீளம், கால் மில்லிமீட்டர் அகலம், அவ்வளவுதான்.

2012 ஜனவரியில் டாப்சனும் டேவிட் நோரிஸும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. (நோரிஸ் 1996இல் விசாரிக்கப்படவில்லை, இந்த விதி அவரைத் தொடவே இல்லை.) கூண்டில் நின்றவர்களுக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. ஆனால் குற்றம் நடந்தபோது ஒருவருக்கு 17, மற்றவருக்கு 16. ஆகவே ஆயுள் தண்டனையில் கட்டாயம் கழிக்க வேண்டிய காலத்தை, சிறார்களுக்கான கணக்கில்தான் நீதிபதி குறித்தார்: டாப்சனுக்கு 15 ஆண்டு 2 மாதம், நோரிஸுக்கு 14 ஆண்டு 3 மாதம். ஸ்டீஃபனை எப்போதோ ஜமைக்காவில் அடக்கம் செய்துவிட்டிருந்தார்கள்.

நம் அரசியல் சட்டத்தின் 20(2) இதே விதிதான், ஆனால் கொஞ்சம் குறுகலானது: தண்டனை பெற்றவரையே அது காக்கிறது. விடுதலையானவருக்கான காப்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது (பழைய 300ஆம் பிரிவு). மேல்முறையீடு இரண்டாவது வழக்காகாது. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

சரி, தமிழில் என்ன எழுதலாம்? ‘இரட்டை இடர்’ பரவாயில்லை, ஆனால் ‘தடை’ என்ற கருத்து அதில் இல்லை. ‘மறுவிசாரணைத் தடை’ என்றால், மேல் நீதிமன்றம் உத்தரவிடும் மறுவிசாரணையோடு குழம்பும். எனக்குப் பிடித்தது ‘மறுவழக்குத் தடை’. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “மறுவழக்குத் தடை தளர்ந்ததால், 1996இல் விடுதலையான டாப்சன் 2011இல் மீண்டும் கூண்டில் ஏறினார்.”