கார்ட்ரிட்ஜ் பில்டர்: கெர்தாஸா, தோட்டாவா, பன்னாடையா?

எங்க ஊரு மலேசியாவுல பேரா மாநிலத்து சுங்கை சிப்புட், ரப்பர் போயி செம்பனை வந்த தோட்டத்து டவுன். நா வேல கத்துக்கிட்ட வொர்க்‌ஷாப்ல இன்ஜின் எண்ணெய வடிகட்டற ஆயில் பில்டர்ல காகிதம் மட்டும் மாத்தற ரகத்த கார்ட்ரிட்ஜ்னு யாரும் முழுசா சொன்னதே இல்ல. எங்க சீன தவுக்கே, அதாவது மொதலாளி, பழைய புரோட்டோன் சாகா காரு வந்தா "டின் பில்டர் எடு"ன்னுவாரு, 1.8 டுவல் விவிடிஐ இன்ஜின் போட்ட டொயோட்டா ஆல்டிஸ் வந்தா "கெர்தாஸ் பில்டர் எடு"ன்னுவாரு. கெர்தாஸ்னா மலாய்ல காகிதம். மனுஷன் இங்கிலீஷ் வராம ஏதோ சொல்றாருன்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன், அப்புறம் ஒரு நாள் உக்காந்து சொல்லோட வேர தேடிப் பாத்தா அவரு சொன்னதுதான் சரி, முட்டாள் நாந்தான்.

கதை இதுதான். கிரேக்கத்துல காகிதத்துக்கு கார்தேஸ், அது லத்தீன்ல கார்தா, இத்தாலிக்காரன் காகிதத்த சுருட்டி செஞ்ச பொட்டலத்துக்கு கார்தோச்சோன்னு பேரு வச்சான், பிரெஞ்சுல அது கார்த்தூஷ் ஆச்சி, இங்கிலீஷ்ல வாய் கொழறி கார்ட்ரிட்ஜ். அந்தக் காலத்துல துப்பாக்கி மருந்தையும் குண்டையும் காகிதத்துல சுருட்டித்தான் வச்சிருந்தாங்க, அதுக்குத்தான் அந்தப் பேரு. அதே கார்தேஸ் அரபிப் பக்கம் போயி கிர்தாஸ் ஆகி, மலாய்ல கெர்தாஸா இறங்கிருச்சி. நம்ம பாட்டி "ஊருலேர்ந்து கடுதாசி வந்திருக்கு"ன்னு சொல்லுமே, அந்தக் கடுதாசி போர்ச்சுகீஸ்காரன் வழியா தமிழுக்கு வந்த அதே குடும்பம். அப்ப கார்ட்ரிட்ஜ், கெர்தாஸ், கடுதாசி மூணும் பங்காளிங்க, வேற வேற கப்பல்ல வந்து எறங்கினவங்க.

கார்ட்ரிட்ஜுக்கு அகராதில மொதல்ல வர்ற தமிழ் தோட்டா. துப்பாக்கிக்கு சரி, காருக்கு ஒத்து வராது. அதுவும் எங்க ஊர்ல தோட்டான்னா பெருசுங்களுக்கு 1948 ஜூன் 16தான் ஞாபகம் வரும், பக்கத்து எஸ்டேட்டுல தொரைங்கள சுட்டு, அதுக்கப்புறம் நாடே அவசரகாலத்துக்குள்ள போன நாளு. அந்தச் சொல்ல ஆயில் சர்வீஸ் பில்லுல எழுத எனக்கு மனசு வரல.

சரி, சாமானுக்கு வருவோம். டின் பில்டர்ல மடிச்ச காகிதம், அது அடைச்சிக்கிட்டா எண்ணெய்க்கு மாத்து வழி விடற பைபாஸ் வால்வு, எண்ணெய் திரும்பி ஓடாம தடுக்கற ரப்பர் எல்லாமே ஒரே தகர டப்பாக்குள்ள அடைச்சிருக்கும், கழட்டினா மொத்தமா குப்பைக்கு. கார்ட்ரிட்ஜ்ல பில்டர் உக்கார்ற கூடு, அத வீடுன்னே வச்சிக்குவோம், கார்லயே இருக்கும், உள்ள குடியிருக்கற காகிதத்த மட்டும் மாத்தறோம். இது என்னமோ புது டெக்னாலஜின்னு நெனக்காதீங்க, டின் பில்டர் பரவறதுக்கு முன்னாடி கிண்ணத்துக்குள்ள பில்டர் மட்டும் மாத்தற வழிதான் இருந்துச்சி, போனது திரும்பி வந்திருக்கு. இன்னொரு நல்லது, பழைய காகிதத்த வெரலால விரிச்சி மடிப்புக்குள்ள இரும்புத்தூள் மினுக்குதான்னு அங்கயே பாத்துடலாம், டின்ன அறுத்தாத்தான் தெரியும்.

கார்ட்ரிட்ஜ்லயே எல்லாம் ஒரே மாதிரி இல்ல. பிஎம்டபிள்யூல நிறைய இன்ஜினுக்கு வீடு மேல நிக்கும், மூடிய திருகித் தூக்கினா உள்ள இருக்கற எண்ணெய் தானா கீழ எறங்கிடும், கை கூட அழுக்காகாது. ஆல்டிஸ்ல வீடு கீழ தொங்கும். மூடியோட அடியில ஒரு குட்டி பிளக் இருக்கு, அதக் கழட்டிட்டு பில்டர் டப்பால வர்ற பிளாஸ்டிக் குழாய உள்ள அழுத்தினா எண்ணெய் ஒழுங்கா ட்ரேல வடியும். மூடிய டைட் பண்ற அளவு 25 நியூட்டன் மீட்டர், அதுக்கு மேல முறுக்கினா அடுத்த தடவ கழட்டறப்ப தெரியும் சேதி. எண்ணெய் கசியாம தடுக்கற பெரிய ரப்பர் ரிங்கு மூடில எந்த வரிப் பள்ளத்துல உக்காரணும்னு பாத்து போடணும். நா ஒரு தடவ ஒரு வரி தள்ளிப் போட்டுட்டேன், மறுநாள் காலைல அந்தக் காரு கோயில் வாசல்ல நின்ன எடத்துல சட்டி அகலத்துக்கு கருப்பு. அன்னிக்கி எங்க சீனியர் அண்ணன் என்னத் திட்டின சொல்லுதான் இந்த விளக்கத்துக்கே காரணம்: "டேய் பன்னாடை!"

பன்னாடைன்னா தென்னை பனை மட்டைக்கு அடியில சுத்தியிருக்கற சல்லடை மாதிரி நாரு. கள்ளு வடிகட்ட அததான் வைப்பாங்க, கள்ள கீழ விட்டுட்டு ஈயையும் தூசியையும் புடிச்சி வச்சிக்கும். நல்லத விட்டு கெட்டத புடிக்கறதால அது திட்டு ஆச்சி. நன்னூல்ல பவணந்தி முனிவர் கடைசித் தர மாணவனுக்கு இல்லிக்குடம், ஆடு, எருமையோட நெய்யரியையும் உவமையா சொல்றாரு, நெய்யரின்னா பன்னாடைதான். இப்ப நெய்யரிங்கற சொல்ல பிரிச்சிப் பாருங்க. அரின்னா சலிக்கறது, கல் அரிச்சி அரிசி எடுக்கறோமே அந்த அரி. எங்கம்மா காண்டாவாளியில, அதாவது தோள் கம்புல தொங்கற வாளியில, கொண்டாந்த ரப்பர் பால தோட்டத்து ஸ்டோர்ல ஊத்தறப்ப பட்டையும் கட்டியும் தங்கறதுக்கு வச்சிருந்த வலையும் அரிப்புதான். நெய்னா பழந்தமிழ்ல பொதுவா எண்ணெய்க்கும் சேத்துத்தான், எள் நெய்தான் எண்ணெய். அப்ப நெய்யரி? எழுத்துக்கு எழுத்து ஆயில் பில்டர்! கிளாஸ்ல கடைசி பெஞ்சு, இன்ஜினுக்குள்ள மொத மார்க்கு.

இங்கிலீஷ் பில்டருக்கு இவ்வளவு ஆழம் இல்ல, வடிகட்டப் பயன்பட்ட கம்பளித் துணிலேர்ந்து வந்த பேரு, அவ்வளவுதான். வடிகட்டியும் நல்ல சொல்லுதான், டீக்கடைலேர்ந்து கார் வரைக்கும் ஓடுது, நா அத மாத்தச் சொல்லல. ஆனா ரெண்டு ரகத்தையும் பிரிச்சிக் காட்ட அது பத்தாது. என் யோசனை, மரையில திருகிப் போடற டின்னுக்கு திருகு வடிகட்டி, வீட்டுக்குள்ள செருகற கார்ட்ரிட்ஜுக்கு செருகு வடிகட்டி. தமிழ் படிச்சவங்க முன்னாடி நெய்யரின்னு சொல்லிக்கலாம், தவுக்கே முன்னாடி கெர்தாஸ் பில்டர் போதும்.

நீங்களே மாத்தறதா இருந்தா டப்பாவ பிரிக்கறப்ப கவனம்: காகிதம் ஒண்ணு, பெரிய ரிங்கு, சின்ன ரிங்கு, அந்தக் குழாய். குழாய குப்பைன்னு தூக்கிப் போட்டுட்டா கருப்பு எண்ணெய் முழங்கை வரைக்கும் வழியும், சோப்பு போட்டாலும் ரெண்டு நாளு போகாது.