அப்பாவை வெளுக்கச் சொல்லாதீர்கள்

போன வாரம் கடையைத் திறந்து சாமிக்கு ஊதுபத்தி கொளுத்தி முடிக்கவில்லை, ஒரு தங்கச்சி வந்து போனை நீட்டினார். "அண்ணே, ஞாயித்துக்கிழம அப்பாவுக்குப் பதினாறாம் நாள். இந்தப் படத்த 16-க்கு 20 போட்டு ஃப்ரேம் பண்ணணும். அப்படியே கொஞ்சம் வெள்ளையாக்கிடுங்க."

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் 22 வருடமாகப் படம் திருத்தி, பிரிண்ட் போட்டுப் பிழைக்கிறேன். இந்தக் கடைசி வாக்கியத்தை வாரத்துக்கு நாலு தடவையாவது கேட்டுவிடுவேன். அன்றைக்கு என்னவோ பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போனில் இருந்தது யாரோ கல்யாணத்தில் எடுத்த கூட்டுப் படம். பதினோரு பேர் நிற்கிறார்கள், அப்பா ஓரத்தில். வாட்ஸ்அப் குரூப்பில் வந்த படம் என்பதால் நீளப் பக்கம் சுமார் 1,600 பிக்சல்தான். அப்பாவின் முகத்தை மட்டும் அளந்தேன், 210 பிக்சல் அகலம். 16-க்கு 20 போட்டால் முகமே 7 அங்குலம் வரும். அங்குலத்துக்கு 30 பிக்சல் என்று கணக்கு. நல்ல பிரிண்டுக்கு 300 வேண்டும்.

அது கூடப் பரவாயில்லை. அத்தை மகன் ஒருவர் தன் பங்குக்கு ஏதோ ஆப்பில் போட்டு முகத்தை 'அழகாக்கி' அனுப்பியிருந்தார். ஒரிஜினல் யாரிடமும் இல்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். மீசையின் ஓரம் கன்னத்தோடு கரைந்திருந்தது. கன்னத்து மச்சம் போயே போய்விட்டது. நெற்றியைக் காட்டி, "அப்பா விபூதி வைக்க மாட்டாரா?" என்று கேட்டேன். "மூணு பட்டை போடாம வாசப்படி தாண்ட மாட்டாருண்ணே" என்றார். படத்தில் விபூதி இல்லை. நெற்றியை அந்த அளவுக்கு வெளுத்திருந்தார்கள், விபூதி எது நெற்றி எது என்று பிரிக்க முடியாமல்.

"நீங்க போட்டோஷாப்ல கொண்டு வந்துடுவீங்கல்ல?"

எங்கிருந்து கொண்டு வர? வாட்ஸ்அப்பில் வருவது ஜேபெக், அதாவது சுருக்கிய படம். அதில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள். விபூதி 240-இலும் நெற்றி 130-இலும் இருந்தவரை இரண்டும் வேறு வேறு. நெற்றியையும் 255-க்குத் தூக்கிவிட்டால் இரண்டுக்கும் ஒரே எண். நான் திரும்ப இறக்கினால் மொத்த நெற்றியும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒரே சாம்பலாக இறங்கும். கேமராவின் ரா ஃபைல், அதாவது திருத்தாத மூலப் பதிவு என்றால் 14 பிட்டில் 16,384 படிகள், அதில் கொஞ்சம் ஏற்றி இறக்க இடம் உண்டு. போனில் வந்து போய் வந்து போன ஜேபெக்கில் அந்த இடம் கிடையாது.

இப்போது அந்த 'வெள்ளையாக்குங்க' சமாச்சாரத்துக்கு வருகிறேன். படம் டல்லாக இருப்பது வேறு, மனிதர் கறுப்பாக இருப்பது வேறு. இதை எத்தனை முறை சொன்னாலும் நம் ஆட்களுக்கு ஏறவே மாட்டேன் என்கிறது. எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரத்தான் கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் பார்க்கும். டேவானில், அதாவது கல்யாண மண்டபத்தில், வெள்ளைத் திரை, வெள்ளை வேட்டி, பளபளக்கும் மேடை. அது பயந்துபோய் மொத்த வெளிச்சத்தையும் குறைத்துவிடும். முகம் இருண்டு போகும். அதைச் சரிசெய்வது என் வேலை, சந்தோஷமாகச் செய்வேன். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸ் கோட்டில் நடுப்பகுதியை மட்டும் மெல்லத் தூக்குவேன், இரு முனைகளையும் தொட மாட்டேன். கண்ணின் கருமை கருமையாகவே நிற்கும், வேட்டி மடிப்பும் தெரியும், முகத்துக்கு வெளிச்சம் வந்துவிடும். அவர் நிறம் அவர் நிறமாகவே இருக்கும்.

வெளுப்பது என்றால் சாயத்தைப் பிடுங்குவது. வீடியோவுக்கு நிறம் திருத்தும் கலரிஸ்ட்டுகள் வெக்டர்ஸ்கோப் என்று, நிறங்களைப் புள்ளிகளாகக் காட்டும் ஒரு வட்டம் வைத்திருப்பார்கள். அதில் சீனர், மலாய்க்காரர், தமிழர், வெள்ளைக்காரர் யார் தோலை வைத்தாலும் புள்ளிகள் ஏறக்குறைய ஒரே கோட்டின் பக்கம்தான் விழும், ஏனென்றால் தோலுக்குக் கீழே ஓடுவது அதே ரத்தம். மாறுவது வெளிச்சத்தின் அளவும் சாயத்தின் அழுத்தமும். கறுத்த தோலில் மூன்று நிறத்தையும் ஒன்றாகத் தூக்கிவிட்டால் அந்தச் சூடான பழுப்பு செத்து, முகம் சாம்பல் பூத்துவிடும். 'படம் என்னமோ நோயாளி மாதிரி இருக்கே' என்று அப்புறம் என்னிடமே வருவீர்கள்.

ஃபிலிம் காலத்தில் பிரிண்ட் போடும் லேப்களுக்கு கோடாக் ஒரு மாதிரிப் படம் அனுப்பும், ஷெர்லி கார்டு என்பார்கள். அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண். அவள் தோல் சரியாக வந்தால் மெஷின் சரி என்று கணக்கு. நம் முகமெல்லாம் புகைபிடித்த மாதிரி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். மெஷினைத் திட்டிவிட்டுப் போனோம். இன்றைக்கு நம் கையில் இருக்கும் ஸ்லைடரை நாமே அதே பக்கம் தள்ளினால் யாரைத் திட்டுவது?

தெரிந்துகொள்ள இன்னும் சில. டியூப்லைட்டில் எடுத்த படம் பச்சையடித்தால், வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸில் சரியாகும். வெள்ளைக்குக் குறியாக வேட்டியைத் தொடாதீர்கள், நீலம் போட்ட வேட்டி என்றால் படம் முழுக்க மஞ்சள் ஏறிவிடும். மேடையில் ஊதா எல்இடி மட்டும் எரிந்த படத்தில் பச்சையே பதிவாகியிருக்காது, நான் எங்கே போய்த் தேட? அதைக் கறுப்பு வெள்ளையாக்குவது ஒன்றுதான் மரியாதையான வழி. கலரைக் கூட்டினால் கூறைப்புடவையின் சிவப்புதான் முதலில் 255-இல் போய் முட்டும், மடிப்பெல்லாம் மறைந்து புடவை ரப்பர் ஷீட் போல ஆகிவிடும். பத்துமலைப் படங்களுக்கும் இதே கதி. 272 படிக்கும் 2018-இலேயே பெயிண்ட் அடித்தாயிற்று, நீங்கள் வேறு அடிக்காதீர்கள்.

இதையாவது செய்யுங்கள். படம் அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்புங்கள், அளவு குறையாது. ஃபில்டர் போட ஆசை என்றால் நகலில் போடுங்கள், ஒரிஜினலில் கை வைக்காதீர்கள். இரவில் மஞ்சள் திரையில், வெளிச்சத்தை முழுக்க வைத்துக்கொண்டு திருத்திவிட்டு, பிரிண்ட் இருட்டாக வந்தது என்று சண்டைக்கு வராதீர்கள். அம்மா அப்பா இருக்கும்போதே, நேர் வெயில் விழாத வாசல் பக்கம் உட்கார வைத்து நாலு படம் எடுத்து வையுங்கள். இதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன். சாவு வீட்டில் கூட்டுப் படத்திலிருந்து முகம் வெட்டுவது எனக்கும் பிடிக்கவில்லை.

அந்தத் தங்கச்சியை வீட்டில் தேடச் சொல்லி அனுப்பினேன். மறுநாள் அப்பாவின் பழைய பாஸ்போர்ட் படம் ஒன்று கொண்டுவந்தார். 35-க்கு 50 மில்லிமீட்டர், ஓரம் மடங்கி, லேசாகச் சிவந்து போயிருந்தது. ஆனால் மச்சம் இருந்தது, மூன்று பட்டையும் இருந்தது. 1,200 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 1,200 புள்ளி வீதம், ஸ்கேன் செய்தேன். சிவப்பை இறக்கி, நடுவில் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றினேன். 16-க்கு 20 வேண்டாம், 12-க்கு 16 போதும் என்று சொல்லிப் பிரிண்ட் போட்டேன்.

சனிக்கிழமை எடுத்துப் போக அம்மாவும் வந்திருந்தார். ஃப்ரேமை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"கழுத்துப் பொத்தானப் போடவே மாட்டாரு மனுஷன். அன்னைக்கு அந்தப் படக்காரன்கிட்ட சண்டை போட்டுட்டுத்தான் போட்டாரு" என்றார். பிறகு பர்ஸைத் திறந்து, உள்ளே இருந்த பிளாஸ்டிக் உறையை விரலால் அளந்து காட்டி, "இந்த அளவுல ரெண்டு போடுங்க தம்பி" என்றார்.