பேரப்பிள்ளையைப் பார்க்க வழக்குப் போடும் முன்

"மகனுக்கு விவாகரத்து ஆகிவிட்டால் என்ன, பேரன் எங்கள் ரத்தம்தானே?" என்று கேட்டுக்கொண்டு தாத்தா பாட்டிகள் குடும்ப வழக்கறிஞர்களிடம் வருவது புதிதல்ல. ஆனால் அண்மையில் வந்த ஒரு முதிய தம்பதியர், நீதிமன்றம் மகனுக்குக் கொடுத்த சந்திப்பு நேரம் முடிந்த பிறகும் குழந்தையைத் தாயிடம் அனுப்பாமல் வார இறுதி முழுவதும் தங்கள் வீட்டிலேயே வைத்திருந்துவிட்டு, அதன் பிறகுதான் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டார்கள். இப்படி இன்னொரு கோப்பு சேர்வதைப் பொறுக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

ரத்த உறவு இருப்பதாலேயே பேரக்குழந்தையைப் பார்க்கும் உரிமை தானாக வந்துவிடாது. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, பெற்றோரைப் பிரிந்து வாழும் குழந்தைக்கு அவர்களுடன் தொடர்பில் இருக்கும் உரிமையைத் தருகிறது. அந்தப் பிரிவு பேசுவது பெற்றோரைப் பற்றித்தான். பிரான்சின் உரிமையியல் சட்டம் தாத்தா பாட்டியுடனான உறவை வெளிப்படையாகவே காக்கிறது என்றாலும், அதையும் குழந்தையின் உரிமையாகத்தான் எழுதி வைத்திருக்கிறது. இங்கிலாந்தில் 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி தாத்தா பாட்டி மனுச் செய்யவே பொதுவாக நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றமோ 2000ஆம் ஆண்டு டிராக்ஸல் வழக்கில், தகுதியுள்ள ஒரு தாய் எடுக்கும் முடிவுக்கு உரிய மதிப்புத் தராமல், தாத்தா பாட்டி கேட்டார்கள் என்பதற்காகக் கூடுதல் சந்திப்பு நேரம் வழங்கியது தவறு என்று கூறிவிட்டது.

இந்தியாவில் இதற்கென்று தனிப் பிரிவு கிடையாது. 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தின் கீழ் குழந்தையின் நலனே அளவுகோல். உடனே என் மேசை மீது ஒரு செய்தித்தாள் நறுக்கு விழும்: 2022இல் இந்திய உச்ச நீதிமன்றம் தந்தைவழித் தாத்தா பாட்டியிடம் குழந்தையை ஒப்படைத்த தீர்ப்பு. அந்தக் குழந்தையின் தாயும் தந்தையும் கொரோனாவில் இறந்துவிட்டார்கள் என்பதையும், எதிர்த்தரப்பில் நின்றவர் தாய் அல்ல, தாயின் சகோதரி என்பதையும் நறுக்கைக் கொண்டுவருபவர்கள் படிப்பதே இல்லை. தாயோ தந்தையோ நல்ல நிலையில் இருந்து குழந்தையை வளர்க்கும்போது அந்தத் தீர்ப்பைக் காட்டிக் குழந்தையை உங்களிடம் ஒப்படைக்கக் கேட்பது வீண்வேலை.

பெரும்பாலான வழக்குகளில் தாத்தா பாட்டிக்கான வழி, தங்கள் மகன் அல்லது மகளுக்குக் கிடைத்த சந்திப்பு நேரத்திலேயே இருக்கிறது. அந்தப் பிள்ளை இறந்திருந்தாலோ, தொலைவில் இருந்தாலோ, பேரக்குழந்தை முன்பு உங்கள் வீட்டிலேயே வளர்ந்திருந்தாலோ தனி மனுவுக்கு வலு உண்டு. அப்போதும் பாசத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட, பள்ளி நாட்குறிப்பில் வாரந்தோறும் இருக்கும் பாட்டியின் கையெழுத்தும், தடுப்பூசிக்கு யார் அழைத்துச் சென்றார் என்ற விவரமும் அதிகம் பேசும்.

கைப்பேசியில் எடுத்த காணொளிகளைத் தயவுசெய்து கொண்டுவராதீர்கள். "அம்மா அடிப்பாங்களா, சொல்லு" என்று ஒரு குரல் கேட்கிறது. குழந்தை பதில் சொல்வதற்கு முன்பு கைப்பேசியைப் பிடித்திருப்பவரின் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறது. அந்த ஒரு பார்வையை நீதிபதி கவனிக்காமல் போவதில்லை. விவரம் தெரிந்த வயதுக் குழந்தையின் விருப்பத்தை நீதிமன்றம் தானே கேட்டறியும். அதற்கு ஒத்திகை தேவையில்லை. உண்மையிலேயே குழந்தை துன்புறுத்தப்படுவதாகத் தெரிந்தால், மருத்துவரிடமும் குழந்தைகள் நல அமைப்பிடமும் அன்றே போங்கள். அடுத்த வாய்தாவுக்காகச் சேர்த்து வைக்காதீர்கள்.

குழந்தையைத் தம்மிடம் வைத்திருக்கும் தாய்க்கோ தந்தைக்கோ ஒரு வேண்டுகோள். நீங்கள் இருவரும் வேலைக்குப் போன ஆண்டுகளில் அந்தப் பாட்டிதான் குழந்தையைத் தூங்க வைத்தார் என்றால், உங்கள் மணவாழ்க்கை முறிந்ததற்காக அவரையும் குழந்தையிடமிருந்து பிடுங்கிவிடாதீர்கள். ஜீவனாம்சம் வரவில்லையா, அதற்குத் தனி மனு இருக்கிறது. பாக்கிப் பணத்துக்குக் குழந்தையை அடகுப் பொருளாக்கிச் சந்திப்பை நிறுத்தினால், பணம் கட்டாதவரைவிட நீங்களே குற்றவாளிபோல நிற்க நேரும்.

பரஸ்பர சம்மதத்தில் பிரிபவர்கள் ஒப்பந்த நிபந்தனைகளை எழுதும்போதே, தாத்தா பாட்டியைக் குழந்தை எந்த நாளில் பார்க்கும், யார் அழைத்துச் சென்று யார் திரும்பக் கொண்டுவந்து விடுவார், விடுமுறையில் எத்தனை நாள், இடையில் தொலைபேசியில் எப்போது பேசலாம் என்று நான்கு வரி சேர்த்துவிடுங்கள். நகைக்கும் பாத்திரத்துக்கும் பட்டியல் போடும் வழக்கறிஞர்கள்கூட இதை மறந்துவிடுகிறார்கள், எங்கள் தொழிலின் குறை அது. தீர்ப்பு வந்தபின் இதையே கேட்க வேண்டுமென்றால் புதிய மனு, புதிய வாய்தாக்கள், பழைய கோபம் எல்லாம் திரும்ப வரும்.

அப்படி நேரம் கிடைத்துவிட்டால், மாலை ஆறு மணி என்று எழுதியிருக்கும் நாளில் ஆறு மணிக்குக் குழந்தை வாசலில் நிற்க வேண்டும். அரை மணி நேரத் தாமதம்கூட எதிர்த்தரப்பின் அடுத்த பிரமாணப் பத்திரத்தில் ஒரு பத்தியாகிவிடும்.