ஒரே பெட்டி, இரண்டு வேலை: லினக்ஸில் பிரிட்ஜும் ஃபார்வர்டிங்கும்

லினக்ஸ் கணினி ஒன்றில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள். ஒன்றில் ரௌட்டர், மற்றதில் லேப்டாப். லேப்டாப்புக்கு இணையம் கிடைக்க வேண்டும். இரண்டு கார்டுகளையும் ஒரே வலையாக இணைக்கும் பிரிட்ஜ் போடலாம், அல்லது ஒரு வலையிலிருந்து இன்னொரு வலைக்குப் பாக்கெட்டுகளை (தரவுப் பொட்டலங்களை) கடத்தும் ஐபி ஃபார்வர்டிங் செய்யலாம். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் போட்டுவிடுபவர்கள் நிறைய. அது வீண்வேலை, பிரிட்ஜ் ஓட ஃபார்வர்டிங் தேவையே இல்லை.

பிரிட்ஜ் பார்ப்பது மேக் முகவரியை, அதாவது நெட்வொர்க் கார்டின் வன்பொருள் முகவரியைத்தான். லேப்டாப்பிலிருந்து ஒரு ஃபிரேம் (மேக் முகவரிகளைத் தாங்கிய தரவுத் துண்டு) வந்ததும், இந்த மேக் இந்தப் பக்கம் என்று அட்டவணையில் குறித்துக்கொள்ளும். சேரவேண்டிய மேக் எங்கே என்று தெரிந்தால் அந்தப் பக்கம் மட்டும் அனுப்பும். தெரியாவிட்டால், வந்த பக்கம் தவிர எல்லாப் பக்கமும் அனுப்பும். 300 விநாடி பேச்சுமூச்சில்லாத முகவரி அட்டவணையிலிருந்து போய்விடும். ஃபிரேமில் உள்ள முகவரிகளில் பிரிட்ஜ் கை வைக்காது. அதனால் லேப்டாப்பின் டிஹெச்சிபி கோரிக்கை (தனக்கு ஓர் ஐபி முகவரி கேட்பது) நேரே ரௌட்டருக்குப் போகும், ஐபி முகவரியும் அங்கிருந்தே வரும்.

ஃபார்வர்டிங்கில் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ஐபி முகவரியைப் படித்து, எந்த வலைக்கு எது வழி என்று சொல்லும் ரூட்டிங் அட்டவணையைப் பார்த்து, இரண்டு மேக் முகவரிகளையும் புதிதாக எழுதுகிறது. பாக்கெட் இன்னும் எத்தனை ரௌட்டர்களைத் தாண்டலாம் என்று சொல்லும் டிடிஎல் எண் 64 என்று வந்தது 63 ஆகிப் போகும். இந்த வசதி இயல்பாக அணைந்தே இருக்கும். கெர்னலின் அமைப்புகளை மாற்ற உதவும் சிஸ்சிடிஎல்லில் இதற்கான 0-வை 1 ஆக்க வேண்டும். ஆக்கியும் இணையம் வராது! ரௌட்டர் 192.168.1.0 வலையில், லேப்டாப் 192.168.2.0 வலையில் என்று வையுங்கள். பாக்கெட் ரௌட்டர் வரை ஒழுங்காகப் போய்ச் சேரும். ஆனால் அந்த இரண்டாவது வலைக்கு வழி எது என்று ரௌட்டருக்குத் தெரியாது, பதில் திரும்பாது. ரௌட்டரில் ஒரு ஸ்டாட்டிக் ரூட் (அந்த வலைக்கான வழியை நாமே கையால் குறிப்பது) எழுதுங்கள், அல்லது லேப்டாப்பின் முகவரிக்குப் பதில் லினக்ஸ் பெட்டியின் முகவரியைப் போட்டு அனுப்பும் நாட்டை லினக்ஸிலேயே போடுங்கள்.

பிரிட்ஜிலும் ஒரு பொறி உண்டு. கார்டை அதில் சேர்த்த பிறகு ஐபி முகவரி பிரிட்ஜுக்குத்தான் இருக்க வேண்டும், கார்டுக்கு அல்ல. தொலைவிலிருந்து இயக்கும் எஸ்எஸ்ஹெச் வழியாக இதைச் செய்தால் பாதியில் தொடர்பு அறுந்துவிடும்; கீபோர்டை நேரே பெட்டியில் செருகிக்கொள்வதே உத்தமம்.

அப்புறம், ரௌட்டர் பக்கம் வைஃபை என்றால்? பொதுவாக வைஃபை ரௌட்டர் தன்னிடம் பதிவான மேக்கிலிருந்து வரும் ஃபிரேமை மட்டுமே ஏற்கும். பின்னால் இருக்கும் லேப்டாப்பின் மேக் அதற்கு அந்நியம். அங்கே பிரிட்ஜோடு மல்லுக்கட்டாமல் ஃபார்வர்டிங்குக்கே போய்விடுங்கள்.