ஊரடங்கு வரும் முன்பே ரேஷன் கார்டைச் சரிபாருங்கள்

கொரோனா ஊரடங்கின்போது, 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையையே மூடிவிட்டு மொத்த வியாபாரத்தைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். சென்னையில் காய்கறிக்கே திண்டாட்டமாக இருந்த அந்த நாட்களிலும் ரேஷன் கடை திறந்திருந்தது. அரிசி கார்டுக்கு இலவச அரிசி, 1,000 ரூபாய், அடுத்த ஆண்டு இரண்டு தவணையாக 4,000 ரூபாய். நல்ல ஏற்பாடுதான். ஆனால் என் தெருவிலேயே அன்றாடக் கூலிக்குப் போகிற சில குடும்பங்களுக்கு டோக்கன் வரவில்லை, காரணம் கார்டில் இருந்த ஒரே ஒரு எழுத்து.

உங்கள் ஸ்மார்ட் கார்டை இப்போதே எடுத்துப் பாருங்கள். பி.எச்.எச் (முன்னுரிமைக் குடும்பம்), என்.பி.எச்.எச் (முன்னுரிமை அல்லாத குடும்பம்) என்றிருந்தால் அரிசி உண்டு. என்.பி.எச்.எச் பக்கத்தில் 'எஸ்' இருந்தால் அது சர்க்கரை கார்டு, அரிசிக்குப் பதில் கூடுதல் சர்க்கரைதான். அரிசி கார்டாக மாற்றிக்கொள்ள 2019 நவம்பரில் அரசு அவகாசம் கொடுத்தது, அதைத் தவறவிட்டவர்கள்தான் ஐந்தே மாதத்தில் வெறுங்கையோடு நின்றார்கள். இனி எப்போது அவகாசம் அறிவித்தாலும் அன்றைக்கே விண்ணப்பித்துவிடுங்கள்.

அடுத்தது, புதிதாகக் கல்யாணமானவர்கள். அம்மா வீட்டுக் கார்டில் பெயர் நீக்காமல் புதுக் கார்டுக்கு விண்ணப்பித்தால் நிராகரிப்புதான். தனிச் சமையலறை இருக்கிறதா என்று வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள், அன்று கதவு பூட்டியிருந்தால் மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும். கேஸ் புத்தகம், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் வீட்டில் இருப்பவர் கைக்கு எட்டும்படி வையுங்கள்.

கடை மிஷினில் கைரேகை விழவில்லை என்று வயதானவர்களைத் திருப்பி அனுப்புவது எனக்கு ஆத்திரமூட்டும் விஷயம். பாத்திரம் தேய்த்தும் கல் சுமந்தும் தேய்ந்த விரல் அது! ரேகை விழாவிட்டால் ஓ.டி.பி வழியாக வாங்கலாம், ஆனால் கார்டில் இருக்கும் போன் நம்பர் இன்றும் உங்களிடம் இருக்க வேண்டும், ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய நம்பர் என்றால் அந்த வழியும் அடைபட்டுவிடும். கடைக்கு வரவே முடியாதவர்கள் வேறொருவரை நியமிக்கக் கடையிலேயே படிவம் கேளுங்கள்.

வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கும் இங்கே ரேஷன் உண்டு, 2020 அக்டோபரிலிருந்து ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டம் நடப்பில் இருக்கிறது. சொந்த ஊர்க் கார்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதாக இருக்க வேண்டும், ஆதார் இணைந்திருக்க வேண்டும். 'உங்க கார்டு இங்க செல்லாது' என்று கடையில் சொன்னால் நம்பி வந்துவிடாதீர்கள், மிஷினில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

வாங்காத பொருளுக்கு மெசேஜ் வந்தால் அன்றே 1967-க்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். கார்டில் திருத்தம் என்றால் தாலுகா வழங்கல் அலுவலகத்தில் 'நாளைக்கு வாங்க' என்று ஐந்து நாள் சொல்வார்கள். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை நடக்கும் ரேஷன் குறைதீர் முகாமுக்குப் போங்கள், அதிகாரி நேரிலேயே இருப்பார். மனுவை இரண்டு பிரதி எடுத்துப்போய், ஒன்றில் தேதியோடு சீல் வாங்காமல் வெளியே வராதீர்கள்.